டொரண்டோ – பெர்த், வழி: துபாய்

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்நாயகிக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. டொரண்டோவிலிருந்து துபாய் வரை பதின்மூன்று மணி நேரம் தொங்கப் போட்டதில் கணுக்காலில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது, அவ்வளவே. இந்த நிமிஷம் இறக்கிவிட்டால் மயிலாடுதுறை மணிக்கூண்டிலிருந்து ரயிலடி வரை நடந்து, வெயிலைத் திட்டிக்கொண்டே திரும்பியும் வந்துவிடுவாள். ஆனாலும் நாற்காலிதான். மகள் சுகந்தி டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிடுவாள். பெர்த்தில் இருக்கிற மகன் செழியனும் அப்பாவுக்கு அதையேதான் செய்வான். கால் வராததற்காக இல்லை, பெரியவர்கள் தொலைந்து போகாமல் இருப்பதற்காக. நீ பாட்டுக்கு உக்காரும்மா, தள்ளிக்கிட்டுப் போய் சீட்லயே விட்டுடுவாங்க. விட்டுவிடுவார்கள், விட்டுவிடுவார்கள், பால் பாக்கெட்டை வாசலில் விடுகிற மாதிரி. சுற்றிப் பார்த்தால் இந்த மூலை முழுக்க அப்படி விடப்படக் காத்திருக்கிற ஜனம்தான். ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ போட்ட பஞ்சாபி அம்மாள், கழுத்துத் தலையணையைக் கழற்றாமலே தூங்கும் தெலுங்குக்காரர், அவர் தூங்குவதைப் பார்த்துப் பொருமுகிற அவர் பெண்டாட்டி. ஒரு குஜராத்திக் கிழவர் நாற்காலியை விட்டு எழுந்து விடுவிடுவென்று கழிவறைக்கு நடந்துபோய், அதே வேகத்தில் திரும்பி வந்து, உட்கார்ந்ததும் முகத்தை நோயாளி மாதிரி வைத்துக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளைகள் சொன்னபடியே நடக்கிற கூட்டம். தள்ளுகிற ஷிஜுவுக்கு நாற்பது வயதிருக்கும், பாலக்காட்டுப் பக்கம். அவருக்கு இங்கே யாருக்கும் பேர் கிடையாது, போகிற ஊர்தான் பேர். லண்டன் ரெடியா, நியூயார்க் பாத்ரூம் போயாச்சா என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். அவளுக்குப் பேர் பெர்த். “பெர்த் அம்மா, இனியும் ஒரு மணிக்கூர் இருக்கு, பேடிக்கண்டா” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பயமாம். அவளுக்கு. அவளுடைய பாஸ்போர்ட்டை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தது பிடிக்காமல், வந்து இறங்கின உடனேயே கையை நீட்டி வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பெர்த் அம்மா பெர்த்துக்குப் போகப் போவதில்லை. அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த சேதி. தோள்பையில் கிடக்கும் போனுக்குள் துபாயிலிருந்து சென்னைக்கு இரண்டு இருக்கை இருக்கிறது, ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் வீட்டுக்காரர் மயூரநாதனுக்கு. சுகந்தி ஆபீஸ் போயிருந்த ஒரு பகலில், பேத்தி ஆதிரா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில், அடுப்பில் ரசம் பொங்கிவிடாமல் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக அவளே தன் பென்ஷன் கார்டில் எடுத்த இருக்கைகள். கடைசிப் பொத்தானைச் சரியாக அமுக்கிவிட்டது உண்மை. ரசம் பொங்கிவிட்டதும் உண்மை. அவருக்கு இன்னும் தெரியாது. எப்படித் தெரியும், எங்கே சொல்வது? அவரோடு தனியாக ஒரு வார்த்தை பேசி எவ்வளவு காலம் ஆயிற்று? வீடியோவில் வருவார், மடியில் ஒரு பேரன் இருப்பான், பின்னால் செழியன் நடப்பான், மருமகள் குக்கரைத் திறப்பாள். இந்தப் பக்கம் ஆதிரா போனைப் பிடுங்குவாள், சுகந்தி அப்பா மாத்திரை போட்டீங்களா என்பாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சா, ஆச்சு. ஸ்பீக்கரில் பேசுகிற புருஷன் ஒரு புருஷனா? முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அவள். நடுவில் ஆள் இருக்கிற லைனில் மனுஷர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்கா தெரியாது? குரலைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அவர் குரலும் அப்படித்தான் சுத்தமாக இருந்தது, ஒரு வருஷமாக.

தலைக்கு மேலே பலகையில் பெர்த்திலிருந்து வரும் விமானத்துக்கு நேரே மறுபடியும் நேரம் மாறியது. எதிர்காற்று என்று ஷிஜு சொல்லியிருந்தார். காற்றுக்குக்கூட அவர் வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கொடுத்திருந்தார்கள்! அதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. சுகந்தியும் செழியனும் வாரக்கணக்காக மண்டையை உடைத்து, இந்தத் தடவை ஆள் மாற்றும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் துபாயைக் கடக்கிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தார்கள். அம்மா டொரண்டோவிலிருந்து பெர்த்துக்கு, அப்பா பெர்த்திலிருந்து டொரண்டோவுக்கு. அம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ், ரெண்டு பேரும் துபாய்ல மீட் பண்ணலாம், ரெண்டு மணி நேரம், உக்காந்து காபி சாப்டுங்க, செல்ஃபி எடுத்து அனுப்புங்க. சொல்லும்போது சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அன்பு. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், அந்தப் பழமொழி சொன்னவளைக் கூட்டிவந்து காட்டவேண்டும், கல்லாக இருந்தால் எவ்வளவு சௌகரியம், ஒரு திட்டு திட்டிவிட்டுக் கிளம்பலாம். இவை கல்லில்லை, வெண்ணெய். கோபத்தோடு விரலை வைத்தால் விரல் உள்ளே போய் வழுக்கிக்கொண்டு வருகிறது. நல்ல பிள்ளைகள். அதுதான் தொந்தரவு. கெட்ட பிள்ளைகளாக இருந்திருந்தால் எப்போதோ வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள்.

காவிரியில் தண்ணீர் குறைந்துபோன வருஷத்தில் முறை வைத்து விடுவார்களே, இந்த வாரம் இந்த வாய்க்காலுக்கு, அடுத்த வாரம் அந்த வாய்க்காலுக்கு என்று, அப்படித்தான் நாலு வருஷமாக அவர்கள் இரண்டு பேரையும் முறை வைத்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாட்டில் ஆறு மாதம் விசா, இன்னொரு நாட்டில் கொஞ்சம் கூடுதல். அவள் இங்கே என்றால் அவர் அங்கே. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்தால் இன்னொரு வாய்க்கால் காயும். நடுவில் விசாவுக்காக ஊருக்கு வருவார்கள், பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, கிணற்றடிப் பாசியைத் தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த டிக்கெட் வந்துவிடும். எவ்வளவு தூரம் என்று ஒருநாள் ஆதிராதான் அந்தப் பலகை மாதிரி இருக்கிற கம்ப்யூட்டரைக் கேட்டாள். ஏழு வயது, எதையும் அதைத்தான் கேட்பாள். டொரண்டோ டு பெர்த், ஃபிளைட் டிஸ்டன்ஸ். பொம்பளைக் குரல் ஒன்று யோசிக்காமல் சொன்னது, பதினெட்டாயிரம் கிலோமீட்டர். நேராகப் பறக்கிற விமானம் கிடையாது, எங்கேயாவது இறங்கி ஏறவேண்டும், பயண நேரம் ஒரு நாளுக்கு மேல். அவ்வளவு மரியாதையாகச் சொன்னது. அப்போது ஆதிரா கையிலிருந்த ரப்பர் பந்தில் டொரண்டோவுக்கு ஒரு புள்ளி வைத்து, பந்தைத் திருப்பி அடியில் பெர்த்துக்கு ஒரு புள்ளி வைத்தாள். பூமியைச் சுற்றி வந்தாலே நாற்பதாயிரம்தானாம். அதில் பாதி இருபதாயிரம். அப்படியென்றால் ஒரு மனுஷியை அவள் புருஷனிடமிருந்து இதற்கு மேல் தள்ளி வைக்க இந்தப் பூமியிலேயே இடம் இல்லை. ஆயிரமோ ரெண்டாயிரமோதான் பாக்கி. அதையும் தாண்டித் தள்ளினால் மறுபக்கமாகக் கிட்டே வர ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கு மண்டைக்குள் விழுந்த அன்றைக்குத்தான் சாதம் இறங்கவில்லை. என்னம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு, என்றாள் சுகந்தி. வாயு, என்று சொல்லிவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று எக்ஸ்சேஞ்ச் முழுக்கப் பேர் வாங்கியவள், மேலதிகாரியையே லைனில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவள், பெற்ற மகளிடம் வாயு என்றாள். ஏனென்றால் சொன்னால் சுகந்தி அழுவாள், அழுதால் இவள் சரி என்பாள். அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் சரி என்றாள். முதல் தடவை பிரசவம், அதற்குச் சரி. அடுத்தது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்கவில்லை, சரி. அடுத்து செழியனுக்கு இரண்டாவது பிள்ளை, சம்பந்தியம்மாள் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டாள், திங்கட்கிழமை மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள், சரி. திங்கட்கிழமை. அந்தக் கிழமைதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் அந்தக் குழந்தையை யார் வாங்கிக்கொள்வார்கள்? யாராவது வாங்கிக்கொள்வார்கள். பெற்றவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், பூமிக்கு அடியில் ஊர் கண்டுபிடித்துக் குடியேறத் தெரிந்தவர்களுக்கு ஒரு திங்கட்கிழமையைக் கடக்கத் தெரியாதா? அவள் இரண்டு பிள்ளையை வளர்த்தபோது எந்த நாட்டிலிருந்து யார் பறந்து வந்தார்கள்? அவளுக்கு எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்ட், அவருக்குக் கூட்டுறவு வங்கியில் இன்றைக்குத் தர்மபுரி, நாளைக்கு ராமநாதபுரம். சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்குவார். துவைத்த சட்டை ஈரம் காயாமலே பைக்குள் போகும். போகட்டும் நாயகி, ரிட்டயர் ஆனப்பறம் உன் மூஞ்சிய நானும் என் மூஞ்சிய நீயும் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போவோம் பாரு, என்பார். அந்தச் சலிப்புக்குத்தான் அவள் அத்தனை வருஷம் காத்திருந்தாள். ஆசைக்குக் காத்திருக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர், சலிப்புக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவர் மீன் முள்ளை எடுத்து தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்குவதைப் பார்த்து எரிச்சல் படவேண்டும், செய்தித்தாளை மடிக்காமல் போடுவதற்குச் சண்டை பிடிக்கவேண்டும். அது கிடைக்கவில்லை. சலித்துக்கொள்ளக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

துபாய். இந்தப் பெயரை அவள் வாயால் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். துபாய் லைன்ல இருக்கு, பேசுங்க. அப்போது துபாய் என்றால் காதுக்குள் கடல் இரைகிற சத்தம், அந்தச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய புருஷன். நீடூரிலிருந்து, வடகரையிலிருந்து பெண்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள், லைன் கிடைக்க அரை நாள் ஆகும், கிடைத்ததும் மூன்று நிமிஷம், அதில் பாதி அழுகை. நீடூர் மைமூன்பீவி மட்டும் அழமாட்டாள். பருத்த உடம்பு, கணீரென்ற குரல், கூண்டுக் கதவைச் சாத்தாமல் பேசுவாள். ஒருநாள் அந்தப் பக்கம் புருஷன் என்ன சொன்னானோ, ரொம்பத் தூரம்னோ லீவு இல்லைன்னோ, இவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பெரிய தூரம்? வரணும்னு நெனச்சா நாலு மணி நேரம், நெனைக்கலேன்னா நாலு வருஷம்! நீங்க நெனைக்கிறீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல. நாயகி மூன்று நிமிஷம் முடிந்ததைச் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டாள். அவன் என்ன பதில் சொன்னான் என்று காதைக் கூர்மையாக்கினாள், கடல்தான் இரைந்தது. அதற்கப்புறம் அவன் வந்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஆபரேட்டருக்கு எல்லாக் கதையிலும் மூன்று நிமிஷம்தான்.

நெனைக்கிறாரா. அதுதான் இப்போது கேள்வி, அதுதான் பயம், மற்றதெல்லாம் சும்மா. விமானம் விழுந்துவிடும் என்று அவளுக்குப் பயமில்லை. பறக்கும்போதே உயிர் போய்விட்டால் எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்திருக்கிறாள், அதுகூட வேடிக்கைக்கு. போன தடவை இங்கிருந்து பெர்த்துக்குப் பறந்தபோது எதிரே இருந்த சின்னத் திரையில் விமானம் ஊர்ந்தது, திருவனந்தபுரம், மதுரை, கொழும்பு என்று பேர்கள் ஓரத்தில் வந்தன, அங்கேதான், இதோ கைக்கெட்டுகிற தூரத்தில், கீழேதான் எங்கேயோ அவள் வீட்டுக் கிணறு. பஸ்ஸாக இருந்தால் கம்பியைத் தட்டி, நிறுத்துப்பா, எறங்கணும் என்று சொல்லியிருப்பாள். இவர்கள் நிறுத்தமாட்டார்கள். கோழியா மீனா என்று கேட்டார்கள். அவள் ஜன்னலை மூடிக்கொண்டு அழுதாள், அந்த அழுகைக்கு யாரும் சாட்சி இல்லை. அவரும் இதோ இப்போது அதே வழியாகத்தானே வந்துகொண்டிருப்பார், அதே பேர்கள் ஓரத்தில் வந்திருக்குமே, அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? ஒன்றும் தோன்றாமல் தூங்கியிருப்பாரோ? அவர் சொன்ன பேச்சுக் கேட்கிற ஜாதி. வங்கியில் மாற்றல் உத்தரவு வந்தால் படிப்பதற்கு முன்பே பெட்டி கட்டுகிறவர். செழியன் சொல்லிட்டான்ல, என்பார். குழந்தைங்க கஷ்டப்படுதுங்க நாயகி, என்பார். அப்படிச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்து, செல்ஃபிக்குச் சிரித்து, ஷிஜு தள்ளினால் டொரண்டோ பக்கம் போய்விடுவார். அப்போது என்ன செய்வாள்? போவாள். தனியாகவே போவாள். அந்த முடிவை அவள் டொரண்டோவிலேயே எடுத்தாகிவிட்டது. பயம் அவர் வரமாட்டார் என்பதில்கூட இல்லை. அவர் வராமல் இருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லாமல் இருந்தால்? நாலு வருஷத்தில் தூரம் பழகிப் போயிருந்தால்? கால் மரத்துப் போனால் வலிக்காது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அப்படி அவருக்குள் அவள் மரத்துப் போயிருந்தால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு சட்டென்று நின்று, பின்னால் திரும்பி, மறுபடியும் திங்கட்கிழமைக்கே போனது. பலகையில் பெர்த் விமானம் தரையிறங்கிவிட்டதாக எழுத்து மாறியிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் ஷிஜு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூரத்தில் பார்த்ததும் முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, அந்த ஸ்வெட்டர் யார் வாங்கிக் கொடுத்தது, பச்சையில் மஞ்சள் கோடு, கிளி மாதிரி. பிறகு முகத்தைப் பார்த்தாள். திரையில் தெரிந்த முகம் இல்லை இது. கன்னம் உள்ளே போயிருந்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார், பேருந்தை நிறுத்துகிற மாதிரி.

“டொரண்டோ சாரே இவிடே வெக்கறேன். டைம் குறவாணு, இருபது மினிட்ல எடுக்கணும்” என்று சொல்லி ஷிஜு நாற்காலியை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பாஸ்போர்ட்டை அவர் மடியில் வைத்துவிட்டு லண்டனைக் கவனிக்கப் போனார்.

இரண்டு மணி நேரம் இருபது நிமிஷமாகிவிட்டது. இரண்டு பேரும் சந்தையில் வைத்த மூட்டைகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேச எவ்வளவோ இருந்தது, வாயில் வந்தது வேறு.

“சாப்டீங்களா?”

“ம். ஏதோ குடுத்தாங்க. நீ?”

“இங்க பாருங்க. நான் பெர்த்துக்குப் போகலை. ஊருக்குப் போறேன். உங்களுக்கும் சீட் எடுத்திருக்கேன், சென்னைக்கு. எழுந்திரிங்க, நடந்து போயிடலாம், கிட்டக்கத்தான்.”

அவர் அவளையே பார்த்தார். திடுக்கிடவில்லை, செழியன் என்ன சொல்லுவான் என்று கேட்கவில்லை. கையை மட்டும் நாற்காலிப் பிடியில் வைத்துக்கொண்டார். அவள் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்து நின்றதைப் பார்த்துத் தெலுங்கு அம்மாள் கண்ணை விரித்தாள்.

“எழுந்திரிங்கங்கறேன்ல?”

“முடியலை நாயகி.”

“என்ன முடியலை? பிள்ளைய விட்டுட்டு வர மனசு முடியலையா?”

“கால் முடியலை.” குரலைத் தாழ்த்தினார், இங்கேயும் யாரோ கேட்கிற மாதிரி. “கராஜ்ல ஒரு படி. ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கிட்டு எறங்கறப்ப விழுந்துட்டேன். ஆச்சு, பொங்கலுக்கு முன்னாடி. முட்டி மடங்க மாட்டேங்குது. வீட்ல செவுத்தப் பிடிச்சிக்கிட்டு சமாளிச்சிருவேன். இவ்வளவுன்னு அவனுக்கே தெரியாது.”

“எனக்கு?”

“உனக்கு எங்கேர்ந்து சொல்றது? எப்பப் பாத்தாலும் ஆள் இருக்கு.”

பக்கத்து நாற்காலியில் குஜராத்திக் கிழவர் கையில் இருந்த சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்தது. பொங்கலுக்கு முன்னாடி. பொங்கலன்றைக்கு அவர் வீடியோவில் கரும்பைக் காட்டிச் சிரித்தார், உட்கார்ந்தபடியே. அப்புறம் ஆதிரா பிறந்தநாளுக்குக் கை தட்டினார், உட்கார்ந்தபடியே. அவள் கவனித்தாளா? கரும்பைக் கவனித்தாள், கன்னத்தைக் கவனிக்கவில்லை, கால் திரைக்குள்ளேயே வரவில்லை. பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்று அந்தப் பொம்பளைக் குரல் சொன்னது பச்சைப் பொய், அதற்கு மேலே இருந்திருக்கிறது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, கோபம்தான் முந்தியது.

“இந்தக் காலோடயா டொரண்டோ போறீங்க? அங்க என்ன பண்ணுவீங்க, பனியில வழுக்கி மிச்சக் காலையும் ஒடச்சிப்பீங்களா? ஏன் சொல்லலை?”

“சொன்னா முறை நின்னு போயிடும். வேலைக்கு ஆகமாட்டான்னு தெரிஞ்சா அப்பறம் என்னை எங்க வெப்பாங்க?”

“எங்க வெப்பாங்களா? வெக்கிறதுக்கு நீங்க என்ன அண்டாவா? உங்களுக்கு வீடு இருக்கு. அதுல நான் இருக்கேன். இருக்கப்போறேன்.”

“அங்க வந்தா உனக்குத்தான் பாரம்.”

“ஆமா, பாரந்தான். எழுபத்திரண்டு கிலோ இருப்பீங்களா? இப்ப அதுவும் இல்லை. என் பாரத்தை நான் சுமக்கறேன், எவன் கேக்கறது?”

சத்தமாகத்தான் சொன்னாள். பஞ்சாபி அம்மாளுக்குப் பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். நாயகி போனை எடுத்து, குடும்பத்துக்கென்று செழியன் ஆரம்பித்திருந்த குழுவைத் திறந்து, வாயருகே வைத்துப் பேசினாள். எக்ஸ்சேஞ்ச் குரல் தானாக வந்தது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. “சுகந்தி, செழியா, நான்தான் அம்மா. நான் பெர்த் வரலை. ஊருக்குப் போறேன். குழந்தைங்களை உங்களுக்குப் பாத்துக்கத் தெரியும், தெரியலேன்னா கத்துக்குவீங்க. கோவம் வந்தா வரட்டும், ஆறினதும் போன் பண்ணுங்க, நான் வீட்லதான் இருப்பேன்.” அனுப்பிவிட்டாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அவர் நாற்காலியின் பின்னால் போய்ப் பிடியைப் பிடித்து, கீழே இருந்த தடையைக் காலால் தட்டிவிட்டு, தள்ளினாள்.

ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு லேசாகப் போனது. வழவழவென்ற தரையில் சென்னைக்குப் போகிற வாசல் எண் எழுதின பக்கமாக, வாசனைத் திரவியக் கடையைத் தாண்டி, தங்கக் கடையைத் தாண்டி, அவள் விறுவிறுவென்று தள்ளினாள். பின்னால் ஷிஜு ஓடிவருகிற சத்தம் கேட்டது, “அம்மா, டொரண்டோ கேட் அந்தச் சைடல்லே, அம்மா!” அவள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. பின்னாலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கைதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அவர் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. மகள் தள்ளினாள், மகன் தள்ளினான், இப்போது பெண்டாட்டி தள்ளுகிறாள், பக்கம்தான் வேறே. அவள் சட்டென்று நிறுத்தினாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். போகிற ஜனம் இரண்டாகப் பிரிந்து அவர்களைத் தாண்டிப் போனது.

“நான் பாட்டுக்குத் தள்றேன். நீங்க ஒண்ணும் சொல்லலை. சொல்லுங்க, வர்றீங்களா, இல்லையா? இல்லேன்னா இந்த ஆள் கொண்டுபோய் டொரண்டோ வாசல்ல விடுவாரு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.” கோவித்துக்கொள்வாள். அது அவருக்கும் தெரியும். “ஆனா சொல்லணும்.”

அவர் அவளைப் பார்த்தார். மூச்சிறைக்க வந்து நின்ற ஷிஜுவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், செழியன். மகன் கூப்பிட்டால் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிற மனுஷர். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு வந்து எடுத்து, சொல்லுப்பா என்கிறவர். இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவதும் அடித்தது. மயூரநாதன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கைப்பிடியை ஊன்றி வலியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, போனைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அது அவருக்கு அடியில் அடித்துக்கொண்டே இருந்தது.

“தள்ளு” என்றார்.